தையற்பொறிக்கு ஏற்ற நூல்



வீட்டிலுள்ள பொருள்களுள் மிக விரைவாகப் பழிக்கு ஆளாவது தையற்பொறி. சோறு குழைந்துவிட்டால் பானையை எவரும் குறை கூறுவதில்லை. ஆட்டுக்கல்லில் மா கரடாக அரைபட்டால், அரைத்தவரின் கையைத்தான் நொந்துகொள்கிறோம். ஆனால் தைக்கும்போது நூல் இரண்டு தடவை அறுந்துவிட்டால் போதும்; “மெசின் கெட்டுப் போயிற்று” என்று அக்கணமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பின்னர் அகப்பட்ட திருகாணியையெல்லாம் முறுக்கிப் பார்க்கிறோம். முன்னர் சிறிதளவு இடர்ப்பட்ட பொறி, அதன் பின்னர் முற்றாகவே ஓடாமல் நின்றுவிடுகிறது. திருத்துபவர் வருகிறார், துப்புரவாக்குகிறார், எண்ணெய் விடுகிறார், புதிய ஊசி ஒன்றைப் பூட்டித் தம் பையிலிருந்து வேறொரு நூற்கட்டையை எடுத்து வைத்து ஓட்டிக் காட்டுகிறார். பொறி இனிய ஓசையுடன் ஓடுகிறது. கூலியைக் கொடுத்து அனுப்பிய பின், பழைய நூற்கட்டையை மீண்டும் மாட்டுகிறோம். பழைய தொல்லையும் மீண்டும் வந்து சேர்கிறது.

பொறியில் உண்மையான பழுது ஏற்படுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பல வேளைகளில் பழுது பொறியில் அன்று, நூலில் இருக்கிறது என்பதையே சொல்ல விரும்புகிறேன். ஆதலால் நல்ல நூலைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு, அதனைப் பொறிக்குப் பொருத்துவது எவ்வாறு என்பவற்றை இன்று ஆராய்வோம்.

இது சிறிய பொருளாகத் தோன்றலாம். எனினும் நம் நாட்டில் தையற்பொறி வெறும் வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள் அன்று. சிங்கர் நிறுவனம் இலங்கையில் வணிகந் தொடங்கியது 1877 ஆம் ஆண்டில். அன்று தொட்டு, காலால் மிதிக்கும் பொறியும் கையால் சுற்றும் பொறியும் ஊரூராகப் பரவின. சீதனப் பொருள்களோடு தையற்பொறியும் வந்த வீடுகள் பல. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்க நேர்ந்த பெண்கள் பலருக்கு வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்டவற்றுள்ளும் தையற்பொறி ஒன்று. அத்தகைய ஒரு வீட்டில் அப்பொறியே வயல், அதுவே கடை. அது நாள் முழுதும் ஓடினால் அடுப்பு எரியும். மூலையில் துணி போர்த்திக் கிடந்தால் எரியாது. அப்படிப்பட்ட பொறி ஒரு மட்டமான நூலின் காரணமாக மூலைக்குப் போவதென்றால், அது சிறிய இழப்பன்று.

நூலின் தரம் பொறிக்கு ஏன் இத்துணை இன்றியமையாதது என்பதை உணர, தையல் விழும் முறையைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். கையால் தைக்கும்போது ஒரே நூல் துணியின் ஊடாகப் போய் வருகிறது. தையற்பொறியிலோ இரண்டு நூல்கள். மேல் நூல் ஊசிக்கண்ணின் வழியே வருகிறது; கீழ் நூல் பொபினிலிருந்து வருகிறது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே சென்று, மீண்டும் மேலே எழத் தொடங்கும்போது, அதன் பின்புறத்தில் மேல் நூல் சிறியதொரு வளையமாகத் தளர்கிறது. அவ்வளையத்தைக் கீழேயுள்ள கொக்கி பிடித்து, பொபின் பெட்டியைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இவ்வாறு கீழ் நூல் மேல் நூலின் வளையத்துள் அகப்பட்டுக்கொள்கிறது. உடனே மேலேயுள்ள நெம்புகோல் எஞ்சிய நூலை வெடுக்கென மேலே இழுக்க, இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்கின்றன. ஒரு தையல் விழுந்துவிட்டது.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பொபின் பெட்டியைச் சுற்றி வருவதற்கு ஆறு ஏழு சென்ரிமீற்றர் அளவு நூல் கீழே போகவேண்டும். ஆனால் ஒரு தையலில் துணியோடு தங்கிவிடுவது மூன்று நான்கு மில்லிமீற்றர் மட்டுமே. எஞ்சியது அத்தனையும் மேலே திரும்பி வந்து, அடுத்த தையலுக்காக மறுபடியும் கீழே போகிறது. ஆகவே துணியிற் போய் அமர்வதற்கு முன்னர், நூலின் ஒவ்வொரு பகுதியும் அந்த நுண்ணிய ஊசிக்கண்ணின் வழியே பதினைந்து இருபது தடவையாவது ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் உராய்வு. ஒவ்வொரு தடவையும் ஒரு வெடுக்கென்ற இழுப்பு. கையால் தைப்பதற்குத் தாங்கும் நூல் பொறியிலே தாங்காமற் போவதன் காரணம் இதுவே. கையால் இழுத்துப் பார்த்து, “இந்த நூல் அறுகிறதில்லை, பின் ஏன் மெசினில் அறுகிறது?” என்று வியப்பவர்களுக்கு விடையும் இதுவே.

இனி நூல் உருவாகும் முறையைப் பார்ப்போம். கயிறு திரிப்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஊறிய தென்னம்மட்டையை அடித்து எடுத்த தும்பை முறுக்கி ஒரு புரி செய்கிறார்கள். அப்புரி தனியே நின்றால் முறுக்கு அவிழ்ந்துவிடும். எனவே இரண்டு புரிகளை ஒன்று சேர்த்து, முன் முறுக்கியதற்கு எதிர்த் திசையில் முறுக்குகிறார்கள். ஒன்றின் முறுக்கு மற்றதன் முறுக்கைக் காக்கிறது, கயிறு நிலைக்கிறது. தும்பு நீளமாயிருந்தால் கயிறு வழவழப்பாயும் வலிமையாயும் அமையும். குறுந்தும்பாயிருந்தால் மயிர் மயிராய் நீட்டிக்கொண்டு நிற்கும். தையல் நூலும் சிறு அளவில் ஒரு கயிறே. இரண்டு புரி, மூன்று புரி, சிலவேளை ஆறு புரிகூடச் சேர்ந்து அது உருவாகிறது. நீண்ட இழையுள்ள பருத்தியிற் செய்த முப்புரி நூல் மென்மையாக ஓடும். குறுகிய இழையுள்ள பருத்தியிற் செய்த நூல் எங்கும் பஞ்சை உதிர்க்கும்.

பருத்தித் தையல் நூலின் வரலாறும் சுவையானது. ஸ்கொத்லாந்து நாட்டில் பெயிஸ்லி என்னும் ஊர் நெசவுக்குப் பேர்போனது. தறியின் விழுதுகளுக்கு அங்கே பட்டு நூலைப் பயன்படுத்தி வந்தார்கள். 1806 ஆம் ஆண்டில் நெப்போலியன் பிரித்தானியாவுக்கு எதிராக வணிகத் தடை விதித்தமையால் பட்டுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அவ்வூரவரான கிளார்க் குடும்பத்தார் பருத்தி இழைகளை முறுக்கிப் பட்டுக்கு ஈடான ஒரு நூலைச் செய்தனர். அது தைப்பதற்கும் ஏற்றதாயிருக்கக் கண்டு, 1812 ஆம் ஆண்டளவில் தையல் நூலுக்கென்றே ஆலை அமைத்தனர். பின்னர் 1846 இல் எலியாஸ் ஹோவும், 1851 இல் ஐசக் சிங்கரும் தத்தம் பொறிகளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்பொழுது ஓர் இடர் தோன்றியது. கைத்தையலுக்கென மெருகிட்டுச் செய்த விறைப்பான நூல் பொறிக்கு ஒத்துவரவில்லை. ஆகவே 1860 களில், பொறிக்கென்றே மென்மையும் உறுதியும் பொருந்திய ஆறு புரி நூலை ஆலைகள் செய்யத் தொடங்கின. நல்ல நூல் வந்த பின்னரே வீட்டுப் பொறிகள் நன்கு ஓடின. நூலும் பொறியும் ஒன்றுக்கொன்று ஏற்றவையாக வளர்ந்தன என்பதை இதிலிருந்து அறிகின்றோம்.

கைத்தையல் நூலைப் பொறியில் இடலாகாது என்ற விதி இன்றும் பொருந்தும். கைத்தையலுக்கான நூல்களுட் சிலவற்றுக்கு மெழுகோ பசையோ பூசியிருப்பார்கள். அப்பூச்சு உராய்வினால் உதிர்ந்து, இழுவிசைத் தட்டுகளின் நடுவே படிந்துவிடும். தட்டுகள் நூலைச் சீராகப் பற்றமாட்டா. முன்தையல் போடுவதற்கான நூலோ எளிதில் அறுத்தெடுப்பதற்கென்றே வலிமை குறைவாகச் செய்யப்படுவது. இவ்விரண்டையும் கைப்பெட்டியிலே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கின் திசையும் கவனிக்கவேண்டியது. பொறியின் கொக்கி சுழலும் முறைக்கு ஒரு திசை முறுக்கே ஒத்துவரும்; எதிர்த்திசை முறுக்குள்ள நூல் தைக்கத் தைக்கப் புரி பிரிந்து நைந்து போகும். இதனைச் சோதிக்கும் வழி எளிது. சாண் நீள நூலைக் கிடையாகப் பிடியுங்கள். இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு பக்கத்தை அசையாமற் பற்றட்டும். வலது கை விரல்களால் மறு பக்கத்தை, அதன் மேற்புறம் உங்களை நோக்கி வருமாறு உருட்டுங்கள். முறுக்கு மேலும் இறுகினால் அது பொறிக்கு ஏற்ற நூல். புரிகள் அவிழ்ந்து பிரிந்தால் அந்நூலை ஊசிக்கு இடவேண்டா. வீட்டுப் பொறிகளுக்கென விற்கும் நூல்கள் பெரும்பாலும் சரியான முறுக்குடன்தான் வருகின்றன. ஆயினும் பெயர்ச்சீட்டு இல்லாத நூலை வாங்குமிடத்து இச்சோதனை உதவும்.

அடுத்து, நூல் எதனால் ஆயது என்பதைப் பார்ப்போம். நம் அன்னையர் காலத்தில் மரக்கட்டையிற் சுற்றிய பருத்தி நூலே பெருவழக்கு. 1850 ஆம் ஆண்டில் ஜோன் மேர்சர் என்பவர் காப்புரிமை பெற்ற முறைப்படி, காரக் கரைசலில் நனைத்துப் பதப்படுத்திய பருத்தி நூல் அதிக வலிமையும் சாயம் பற்றும் தன்மையும் உடையது. இழுத்துப் பிடித்துப் பதப்படுத்தினால் பளபளப்பும் பெறும். ‘மேர்சரைஸ்’ செய்த நூல் என்று சீட்டில் எழுதியிருப்பதன் பொருள் அதுவே. 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். இன்று கடைகளில் நாம் காணும் நூல்களுட் பெரும்பகுதி அவ்வகையினதே.

இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு, துணியை நோக்கியே விடை கூறவேண்டும். பொலியெஸ்டர் நூல் வலியது. சிறிது நீண்டு கொடுப்பது. சலவையிற் பெரிதும் சுருங்காதது. வெளிற்றும் மருந்தையும் பருத்தியைவிட நன்கு தாங்குவது. நாள்தோறும் துவைத்து வெயிலிற் காயவிடும் பாடசாலைச் சீருடைக்கு அது ஏற்றது. நீண்டு கொடுக்கும் பின்னல் துணிக்கும் அதுவே வேண்டும்; பருத்தி நூலால் தைத்தால், துணி நீளும்போது தையல் அறும். பருத்தி நூலோ, சூடான இஸ்திரிப் பெட்டியைத் தாங்கும். பருத்தித் துணியோடு ஒன்றிப் படியும். மெல்லிய பழைய பருத்திச் சீலையைத் திருத்துவதற்கு அதுவே சிறந்தது. ஏனெனில், துணியைவிட நூல் மிக வலியதாயிருத்தல் ஆகாது. இழுப்பு வரும்போது இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். துணி கிழிந்தால் என்ன செய்வது? நைலோன் நூலைப் பொறுத்தவரை, பைகளுக்கும் தோற்பொருள்களுக்கும் அது உதவும். ஆனால் வெயிலில் வலிமை குன்றும், கடுஞ்சூட்டில் உருகும். அன்றாட உடைகளுக்கு அது வேண்டியதில்லை.

வாங்கிய நூல் எவ்வகையைச் சேர்ந்தது என்ற ஐயம் எழுந்தால், சாண் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியிற் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசிபோல எரிந்து, மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நுனியிலே கடினமான மணிபோல நிற்கும். சிறுவர்கள் இதனைச் செய்ய விடலாகாது.

இனி நூலின் பருமனும் ஊசியின் பருமனும். நூற்கட்டையில் எழுதியுள்ள இலக்கத்தைப் பலர் கவனிப்பதேயில்லை. பருத்தி நூலில் 40, 50, 60 என்று காணப்படும் எண், 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வரும் என்ற பழைய கணக்கிலிருந்து வந்தது. கழிகள் கூடக்கூட இழை மெலியும். ஆகவே எண் பெரிதாக நூல் நுண்ணியதாகும். பொலியெஸ்டர் நூலில் 120, 80 என்ற ‘டிக்கட்’ எண்ணைக் காண்பீர்கள். அவ்வெண்ணை மூன்றால் வகுத்தால், ஒரு கிராம் நூலின் நீளம் ஏறத்தாழ எத்தனை மீற்றர் என்பது வரும். 120 ஆம் இலக்க நூல் ஒரு கிராமுக்கு நாற்பது மீற்றர். இங்கும் எண் பெரிதானால் நூல் மெல்லியது. ‘டெக்ஸ்’ என்னும் அளவு மட்டும் இதற்கு நேர்மாறானது. அது ஆயிரம் மீற்றர் நூலின் நிறையைக் கிராமில் கூறுவது. எண் பெரிதானால் நூலும் பருமனாகும்.

ஊசிக்கும் எண் உண்டு. 14 என்றும் 90 என்றும் சேர்த்து எழுதியிருந்தால், அவ்வூசியின் தண்டு ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் தொண்ணூறு பங்கு பருமனுடையது என்பது பொருள். வொயில் போன்ற மெல்லிய துணிக்கு 9 அல்லது 11 ஆம் இலக்க ஊசியும் நுண்ணிய நூலும் கொள்ளுங்கள். சீருடைத் துணி, பொப்ளின் முதலியவற்றுக்கு 14 ஆம் இலக்க ஊசியும், 50 ஆம் இலக்கப் பருத்தி நூலும் அல்லது 120 ஆம் இலக்கப் பொலியெஸ்டர் நூலும் பொருந்தும். தடித்த காற்சட்டைத் துணிக்கும் கன்வசுக்கும் 16 அல்லது 18 ஆம் இலக்க ஊசியும் பருமனான நூலும் வேண்டும்.

எண்களை நினைவில் வைத்திருக்க இயலாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஊசியைப் பொறியிலிருந்து கழற்றி, முழ நீள நூலை அதன் கண்ணிற் கோத்து, நூலை இரு கைகளாலும் இறுகப் பிடித்துச் சரிவாகச் சாய்த்துப் பாருங்கள். ஊசி தன் நிறையினாலேயே தடையின்றி வழுக்கிச் செல்லுமானால் இரண்டும் பொருத்தம். நடுவழியில் நின்றுவிட்டால் நூல் பருமன். அல்லது நூலில் முடிச்சும் பஞ்சுத் திரளும் உள்ளன. ஊசியின் ஒரு புறத்தில் நீண்ட பள்ளம் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். துணியைத் துளைக்கும்போது நூல் அப்பள்ளத்துள் ஒதுங்கிச் செல்லவேண்டும். நூல் பருமனாயிருந்தால் பள்ளத்துக்கு வெளியே பிதுங்கி, துணியோடு உராய்ந்து நைந்துவிடும்.

கடையில் நின்று நூலை எவ்வாறு தெரிந்தெடுப்பது? வெளிச்சத்தில் ஒரு முழ நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கிறதா? பஞ்சு மயிர்கள் நீட்டி நிற்கின்றனவா? அவ்வாறாயின் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னர் நூலின் இரு நுனிகளையும் மெல்ல ஒன்றுக்கொன்று அண்மையிற் கொண்டுவாருங்கள். நூல் தாராளமாக வளைந்து தொங்கினால் நன்று. பாம்புபோல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டால், முறுக்கு மிகையென்று அறிக. அது பொறியிலும் அவ்வாறே சுருண்டு முடிச்சுவிழும். அடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். சிறிது எதிர்த்து நின்று அறுவது நல்ல நூல். தொட்டவுடன் பட்டென அறுவது பழைய நூல் அல்லது பழுதான நூல். நான்கைந்து இடங்களிற் சோதித்தால்தான் நூலின் உண்மை தெரியும். ஏனெனில் ஒரு நூலின் வலிமை அதன் மிக மெலிந்த இடத்தின் வலிமையே.

நிறத்தைத் தெரியும்போது, கடையின் மின்விளக்கை நம்பாமல் வாயிலுக்கு வந்து பகல் வெளிச்சத்திற் பாருங்கள். கட்டையில் திரண்டிருக்கும்போது கடுமையாகத் தோன்றும் நிறம், ஒற்றை இழையாகத் துணியின்மேல் விழும்போது வெளிறித் தெரியும். ஆதலால் சரியான நிறம் அகப்படாதபோது, துணியைவிடச் சற்றுக் கடுமையான நிறத்தைக் கொள்ளுதல் முறை. கடுஞ்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களாயின், நூல் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் அது பிறர் கொடுத்த துணிக்கு ஆகாது.

1977 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுக்கென வரும் பெரிய கோன் நூல்கள் வீட்டுத் தையலுக்கும் வந்துவிட்டன. அவை மலிவு, தரமும் பெரும்பாலும் நன்று. ஆயின் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, ஓரம் சுற்றும் ஓவர்லொக் பொறிக்கான நூல் பலவேளை மெல்லியதாயிருக்கும்; மூட்டைத் தாங்கும் தையலுக்கு அது போதாது. சீட்டிலுள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். இரண்டாவது, கோனைப் பொறியின் மேலுள்ள சிறு கம்பியிற் செருகித் தைத்தலாகாது. கோனிலிருந்து நூல் மேல்நோக்கி எழும்பி வரவேண்டும். பொறிக்குப் பின்னால் கோனை நிமிர்த்தி வைத்து, அதன் உச்சிக்கு நேர் மேலே ஒரு கம்பி வளையத்தை அமைத்து, அதனூடாக நூலைக் கொண்டுவாருங்கள். சிறிய கட்டை நூலோ அதற்குரிய கம்பியில் தடையின்றிச் சுழலவேண்டும். கட்டை தடைப்பட்டு நிற்கும் ஒவ்வொரு கணமும் இழுவிசை மாறும், தையலும் கோணும்.

கீழ் நூலை மறந்துவிடுபவர்கள் பலர். மேலே நல்ல நூலை இட்டு, “உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று பொபினில் மட்டமான நூலைச் சுற்றுவது தவறு. இரு நூல்களும் ஒத்த பருமனும் ஒத்த வகையுமாய் இருந்தால்தான் பூட்டு துணியின் நடுவே விழும். பொபினைச் சுற்றும்போது நிதானமாகவும் ஒரே சீராகவும் சுற்றுங்கள். பொலியெஸ்டர் நூலை மிக விரைவாகச் சுற்றினால் அது நீண்டபடியே பொபினில் அடங்கிக் கிடக்கும். தைத்த பின்னர் தன் பழைய அளவுக்குச் சுருங்கித் துணியைச் சுருக்கிவிடும். “தைத்தபோது நேராயிருந்தது, இப்போது நெளிகிறது” என்ற முறைப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். பொபினை விளிம்புவரை நிரப்பவும் வேண்டா. ஒரு நெல் அளவு இடைவெளி இருக்கட்டும்.

இனி, நூல் அறும்போது செய்யவேண்டியது என்ன? முதலில் அறுந்த நுனியைப் பாருங்கள். அது உண்மையைச் சொல்லும். நுனி பஞ்சாய் நைந்திருந்தால் ஊசிக்கண் சிறிது, அல்லது அதன் விளிம்பு கரடாகிவிட்டது என்று கொள்க. கத்தரித்ததுபோல் துப்புரவாக அறுந்திருந்தால், ஊசித்தட்டின் துளையிலோ கொக்கியிலோ கூரான வடு இருக்கலாம். துணியின் அடியில் நூல் கூடுபோலத் திரண்டால், கீழ் நூலைக் குறை சொல்லவேண்டா. மேல் நூல் இழுவிசைத் தட்டுகளுக்குள் அமரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்தே நூலைக் கோக்கவேண்டும். அப்போதுதான் தட்டுகள் விலகி நூலுக்கு இடங்கொடுக்கும்.

செய்யவேண்டியவற்றின் ஒழுங்கு இது: முதலில் நூலைக் கழற்றி மறுபடி கோத்துப் பாருங்கள். அடுத்து ஊசியை மாற்றுங்கள். அதன்பின் நூலை மாற்றுங்கள். பின்னர் துப்புரவாக்குங்கள். இவை நான்கும் பயன்படாதபோது மட்டுமே இழுவிசைத் திருகாணியைத் தொடுங்கள். நம்மிற் பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாகப் பின்பற்றுவதனாலேயே ஐந்து நிமிட வேலை ஐந்து நாள் வேலையாகிறது.

துப்புரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நூலும் சிறிது பஞ்சை உதிர்க்கும். மட்டமான நூல் மிகுதியாக உதிர்க்கும். அப்பஞ்சு ஊசித்தட்டின் கீழும், துணியைத் தள்ளும் பற்களின் நடுவிலும், பொபின் பெட்டியைச் சுற்றியும் அடர்ந்து, நாம் விடும் எண்ணெயையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் சேரவேண்டிய இடத்திற் சேராமையால் இரும்பும் இரும்பும் உராயும். நாள்தோறும் தைப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது ஊசித்தட்டைக் கழற்றி, சிறு தூரிகையால் பஞ்சை நீக்குங்கள். வாயால் ஊதவேண்டா, மூச்சின் ஈரம் துருவை உண்டாக்கும். எண்ணெயும் தையற்பொறிக்குரிய எண்ணெயாகவே இருக்கட்டும். அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நாளடைவிற் பிசினாக இறுகும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களிலோ அன்றே உறைந்துவிடும். எண்ணெய் விட்ட பின், பழந்துணி ஒன்றைச் சில அங்குலம் தைத்து மிகுதி எண்ணெயைப் போக்கியே நல்ல துணியைத் தொடுங்கள்.

நூலைப் பேணுவதும் நம் கடமையே. யன்னலோரம் அழகுக்காக அடுக்கிவைத்த நூற்கட்டைகள் வெயிலால் வெளிறி வலிமை குன்றும். மழைக்காலத்து ஈரமோ பருத்தி நூலிற் பூஞ்சணத்தை உண்டாக்கும். மூடியுள்ள பழைய பிஸ்கட் தகரப்பேணி ஒன்று இதற்குப் போதும். அம்மம்மா காலத்து மரக்கட்டை நூலை நினைவுப் பொருளாக வைத்திருங்கள். தைப்பதற்கு எடுக்குமுன் இழுத்துச் சோதியுங்கள்.

இறுதியாகச் செலவைக் கணக்கிடுவோம். ஒரு மீற்றர் நீளம் தைப்பதற்கு மேல் நூலும் கீழ் நூலுமாக இரண்டரை முதல் மூன்று மீற்றர் நூல் செலவாகும். ஒரு சிறுமியின் சீருடையில் எல்லா மூட்டுகளும் மடிப்புகளும் சேர்ந்து பன்னிரண்டு மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டியது முப்பத்தாறு மீற்றர் நூல். துணியின் விலையோடும் தைக்கும் கூலியோடும் ஒப்பிட்டால், அவ்வளவு நூலின் விலை மிகச் சிறு பகுதியே. மட்டமான நூலால் அச்சிறு பகுதியில் ஒரு பாதியை மிச்சப்படுத்தலாம். ஆனால் அந்தச் சீருடை இரண்டாம் மாதத்திற் கக்கத்தில் விட்டுப்போனால், அச்சிறுமி வகுப்பிற் கையை உயர்த்தக் கூசுவாள். அவளுடைய தாய் அடுத்த ஆண்டு வேறொருவரிடம் துணியைக் கொண்டுபோவாள். தைத்தவளுக்கோ, இழந்தது எதனால் என்பதுகூடத் தெரியாது. துணியைக் கொடுத்தவர்களும் பொறியைக் கொடுத்தவர்களும் எவ்வளவோ செலவு செய்திருக்க, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கவேண்டிய நூலிலே போய் நாம் சிக்கனம் செய்வது பொருந்துமா?

நூலைப் போலச் சீலை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். நெய்யும் நூலைக் குறித்து எழுந்த அப்பழமொழி தைக்கும் நூலுக்கும் பொருந்தும். தையற்பொறியை உதவியாக வழங்குவோருக்கும் இங்கே ஒரு வேண்டுகோள் உண்டு. பொறியோடு கூட, நல்ல நூற்கட்டைகள் சிலவும், அளவுக்கேற்ற ஊசிப் பொதி ஒன்றும், ஒரு தூரிகையும், ஒரு சிறு போத்தல் எண்ணெயும், இவற்றைப் பயன்படுத்தும் முறையை அரை நாள் இருந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். பொறியின் விலைக்கு முன்னே இவை பெரிதல்ல. பொறி மூலைக்குப் போகாமல் ஓடிக்கொண்டிருப்பதோ பெரும்பாலும் இவற்றாலேயே.